கத்தரித்த சீட்டும் காபிப் பொட்டலமும்

பழைய அமெரிக்கச் செய்தித்தாளைப் பிரிக்கும்போது பக்கத்தின் ஓரத்தில் செவ்வகமாக ஓர் ஓட்டை தெரிந்தால் விற்பவர் விலையைக் குறைப்பார், வாங்குபவர் முகம் சுளிப்பார். காபி கூப்பன் தேடி வந்திருக்கும் நீங்கள் அந்தப் பக்கத்தைத் தள்ளிவிடாதீர்கள். யாரோ ஒருவர் தாளை விரித்துப்போட்டு, கத்தரிக்கோலை எடுத்து, அந்தத் துண்டை வெட்டியிருக்கிறார். துண்டு கடைக்கோ தபால்பெட்டிக்கோ போய், எண்ணப்பட்டு, ஒழிந்துபோனது. விளம்பரம் பலித்தது என்பதற்கு அந்த ஓட்டைதான் சாட்சி. இன்று சந்தையில் முழுசாகக் கிடைக்கும் கூப்பன்களோ யாரும் பயன்படுத்தாமல் விட்டவை.

இந்த அத்தியாயத்தில் நான் வற்புறுத்தப்போவது ஒன்றைத்தான். கூப்பனைத் தனித் துண்டாகச் சேர்க்காதீர்கள். அது அச்சான பக்கம், அது குறிப்பிடும் பொட்டலம் அல்லது டப்பா, அதற்கு ஈடாக வீட்டுக்கு வந்த பொருள் ஆகியவற்றில் இரண்டையாவது சேர்த்து வைத்தால்தான் அந்தத் துண்டுத்தாளுக்கு அர்த்தம் வரும். காபி வியாபாரத்தில் இது குறிப்பாகப் பொருந்தும். ஏனென்றால் அமெரிக்காவில் காபியை விற்றவர்கள் சீட்டை மட்டும் கொடுக்கவில்லை. மோதிரம், திரைச்சீலை, பீங்கான், பிரார்த்தனைப் புத்தகம் வரை கொடுத்தார்கள்.

ஆர்பக்கிளின் கையெழுத்து

1860களில் அமெரிக்கக் குடும்பங்கள் பெரும்பாலும் பச்சைக் கொட்டையை வாங்கி வீட்டிலேயே வாணலியில் வறுத்தன. கடைக்காரர் வறுத்து வைத்தால் சீக்கிரமே மணம் இறங்கிவிடும். பிட்ஸ்பர்க்கில் மளிகை வியாபாரம் செய்த ஜான் ஆர்பக்கிள், வறுத்த கொட்டையின்மேல் முட்டையும் சர்க்கரையும் கலந்த பூச்சைப் பூசி மணத்தைக் காக்கும் முறைக்கு 1868இல் காப்புரிமை பெற்றார். அதை ஒரு பவுண்டு காகிதப் பொட்டலங்களில் அடைத்தார். 1873இல் 'அரியோசா' என்ற பெயர் வந்தது. மஞ்சள் உறை, அதில் பறக்கும் தேவதை. மேற்குப் பகுதிகளின் மாடு மேய்ப்பவர்களிடையே காபிக்கே 'ஆர்பக்கிள்' என்று பெயராகிவிடும் அளவுக்கு அது பரவியது.

ஆனால் ஒட்டிய பொட்டலத்துக்குள் இருப்பதை வாங்குபவர் கையில் எடுத்துப் பார்க்க முடியாது. மூட்டையிலிருந்து அள்ளிக் காட்டும் கடைக்காரரை நம்பிப் பழகியவர், எங்கோ இருக்கும் ஒரு நிறுவனத்தை நம்ப வேண்டும். ஒருமுறை வாங்கியவர் அடுத்த முறையும் அதே பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். இந்த இடத்தில்தான் இலவசம் நுழைகிறது. பொட்டலத்துக்குள் ஒரு பெப்பர்மின்ட் மிட்டாய்க் குச்சி இருந்தது. பொட்டலத்தின்மேல் நிறுவனத்தின் கையெழுத்து அச்சிடப்பட்டிருந்தது. அந்தக் கையெழுத்தைக் கத்தரித்துச் சேர்த்துவைத்து, தபால் தலையுடன் அனுப்பினால் பொருள் வீட்டுக்கு வரும்.

எத்தனை கையெழுத்துக்கு என்ன பொருள் என்பதைச் சொன்னவை செய்தித்தாள் விளம்பரங்கள். 1900ஐ ஒட்டிய ஆண்டுகளின் ஊர்ப்புறப் பத்திரிகைகளில் இவற்றைத் தேடுங்கள். கைக்குட்டை, சவரக்கத்தி, கத்தரிக்கோல், சல்லாத் திரைச்சீலை, மோதிரம், கைத்துப்பாக்கி என்று படத்தோடு அடுக்கியிருப்பார்கள். ஒவ்வொன்றின் கீழும் இத்தனை கையெழுத்து, இரண்டு சென்ட் தபால் தலை என்று கணக்கு இருக்கும். அனுப்ப வேண்டிய முகவரி நியூயார்க் நகரில் உள்ள 'நோஷன் டிபார்ட்மென்ட்'. காபி வணிகத்தின் வரலாற்றை 1922இல் பெரிய நூலாக எழுதிய வில்லியம் யூக்கர்ஸ் இந்தப் பரிசுப் பிரிவைப் பற்றியும் பதிவு செய்திருக்கிறார். திருமண மோதிரங்கள் மட்டுமே ஆண்டுக்கு 80,000 போயின என்று நிறுவனத்தார் பெருமையோடு சொல்லிக்கொண்டார்கள். காபிக் கொட்டை வாங்கி வாங்கியே கல்யாண மோதிரம் சேர்த்த ஏழைப் பெண்களையும் ஆண்களையும் நினைத்தால் எனக்கு இந்தச் சீட்டுகள்மேல் மதிப்பு கூடுகிறது. சிரிப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. கையில் காசு புழங்காத பண்ணை வீட்டுக்கு அதுதான் சேமிப்பு.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை இவை. கையெழுத்து வெட்டப்படாத முழு உறை அரிது. கிடைத்தால் மடிப்புக் கிழிசலைப் பெரிதுபடுத்தாமல் வாங்குங்கள். உறையில் 1906 ஜூன் 30 தேதியிட்ட உணவு, மருந்துச் சட்டத்தைக் குறிப்பிடும் வாசகம் இருந்தால் அது அதற்குப் பிந்தையது. வெட்டிய கையெழுத்துத் துண்டுகள் கட்டுக்கட்டாக அகப்படுவதும் உண்டு. எந்தப் பொருளுக்காகவோ சேர்த்து, எண்ணிக்கை எட்டாமல் நின்றுபோனவை அவை. கட்டைப் பிரிக்காதீர்கள். நூலோ ஊசியோ போட்டிருந்தால் எப்படிக் கட்டியிருந்தது என்று படம் எடுத்துவிட்டு, துருப்பிடித்த ஊசியை மட்டும் எடுங்கள். 'ஆர்பக்கிள் மோதிரம்' என்று யாராவது விற்றால் காகித ஆதாரம் கேளுங்கள். மோதிரத்தை மட்டும் பார்த்து அது எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. அனுப்பிய உறையோ குடும்பக் கடிதமோ கூட இல்லாவிட்டால் அது வெறும் பழைய மோதிரம்.

பொட்டலத்துக்குள் வந்த வண்ண அட்டைகள் தனி உலகம். 1889இல் வந்த அமெரிக்க மாநில வரைபடத் தொடர் 50 அட்டைகள் கொண்டது. நியூயார்க்கின் டொனால்ட்சன் பிரதர்ஸ் அச்சிட்டது. வரைபடத்தோடு அந்த மாநிலத்தின் விளைபொருளும் தொழிலும் சிறு சித்திரங்களாக இருக்கும். விலங்குகள், நாடுகளின் விளையாட்டுகள், மாநில வரலாறு என்று வேறு தொடர்களும் வந்தன. பிள்ளைகள் இவற்றை ஆல்பத்தில் பசையால் ஒட்டிவைத்தார்கள். அதனால் பின்பக்கம் பழுதான அட்டைகளே அதிகம். முன்பக்கம் எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் பின்பக்கப் படத்தைக் கேட்காமல் காசு கொடுக்க வேண்டாம். விளம்பர வாசகம் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

ஓஹியோ மாநிலம் டொலீடோ நகரின் வுல்சன் ஸ்பைஸ் கம்பெனி 'லயன்' காபியை விற்றது. அங்கே கையெழுத்துக்குப் பதில் சிங்கத் தலை. உறையிலிருந்து தலைகளை வெட்டி அனுப்ப வேண்டும். ஆர்பக்கிள் சர்க்கரை வியாபாரத்தில் இறங்கியதும், சர்க்கரைச் சந்தையை ஆண்டுகொண்டிருந்த ஹேவ்மயர் 1896இல் வுல்சன் நிறுவனத்தை வாங்கி, லயன் காபியின் விலையை இறக்கி மோதினார். அந்தச் சண்டைக் காலத்து விளம்பரங்களை இரு தரப்பிலும் சேர்த்து அருகருகே வைத்தால் அருமையான தொகுப்பு அமையும். லயனும் சிகாகோவின் மெக்லாலின் நிறுவனமும் கொடுத்த காகிதப் பொம்மைகள் தனியாகச் சேகரிக்கப்படுகின்றன. அவற்றை ஆராய இன்னோர் அத்தியாயம் வேண்டும்.

முதலில் பரிசு, பிறகு காபி

சிகாகோவில் 1899இல் ஃபிராங்க் ஸ்கிஃப் தொடங்கிய ஜூவல் டீ கம்பெனி வரிசையைத் தலைகீழாக மாற்றியது. வண்டியில் வீடு வீடாகக் காபியும் தேயிலையும் கொண்டுபோன அதன் ஆட்கள் பரிசை முதலிலேயே கொடுத்துவிட்டுப் போனார்கள். வீட்டுக்காரம்மா பிறகு வாங்கும் ஒவ்வொரு பவுண்டும் அந்தப் பரிசின் கணக்கில் வரவாகும். சீட்டுச் சேர்க்கும் பொறுமை இல்லாதவர்களையும் இது பிடித்தது. பரிசு அலமாரியில் இருக்கும்வரை வண்டிக்காரரிடம் வேண்டாம் என்று சொல்ல மனம் வராது.

இந்த முறையின் புகழ்பெற்ற பரிசு, 1933 முதல் ஓஹியோவின் ஹால் சைனா நிறுவனம் ஜூவலுக்காகச் செய்துகொடுத்த 'ஆட்டம் லீஃப்' பீங்கான் வரிசை. ஆரஞ்சும் பழுப்புமான இலைக்கொத்து வரைந்த கிண்ணங்கள், காபிக் குடுவைகள், தட்டுகள். அடியில் ஹால் முத்திரையோடு மேரி டன்பர் என்ற பெயர் இருக்கும். ஜூவலின் சமையல் ஆலோசகராக விளம்பரங்களில் வந்த புனைபெயர் அது. இதே இலைக்கொத்தைப் பிற்காலத்தில் சேகரிப்பாளர்களுக்காகவே புதிய வடிவங்களில் செய்து விற்றார்கள். அவற்றின் முத்திரை வேறு. ஆகவே அடிப்பாகத்தைப் பார்க்காமல் வாங்காதீர்கள். பீங்கான் எளிதில் கிடைக்கும். கிடைக்காதது ஜூவல் ஆட்கள் கணக்கு எழுதிய அட்டைகளும் ரசீதுகளும். கிண்ணத்துக்கு நூறு பேர் போட்டியிடுவார்கள், பென்சில் கணக்குள்ள அட்டையை ஒருவரும் சீண்டமாட்டார்கள். நீங்கள் அட்டையைத் தேடுங்கள்.

புதிதாகச் சேகரிக்கத் தொடங்குபவருக்கு நான் முதலில் சொல்வது மேக்ஸ்வெல் ஹவுஸ் காபியோடு வந்த ஹக்கதாவைத்தான். யூதர்களின் பஸ்கா விழா விருந்தின்போது வாசிக்கும் நூல் ஹக்கதா. விழா நாட்களில் பருப்பு வகைகளைத் தவிர்க்கும் கிழக்கு ஐரோப்பிய யூதக் குடும்பங்கள், கொட்டை என்று பெயர் கேட்டதாலேயே காபியையும் ஒதுக்கிவந்தன. காபி ஒரு பழத்தின் விதை, பருப்பினமல்ல என்று 1923இல் ரப்பி ஒருவரிடம் தெளிவு பெற்று விளம்பரம் செய்தார் ஜோசஃப் ஜேக்கப்ஸ். 1932இல் அவருடைய விளம்பர நிறுவனம், காபி வாங்குபவருக்கு ஹக்கதா இலவசம் என்று தொடங்கியது. இதுவரை 5 கோடிப் பிரதிகளுக்குமேல் போயிருக்கின்றன. ஒபாமா காலத்தில் வெள்ளை மாளிகையில் நடந்த பஸ்கா விருந்திலும் இதே இலவசப் பதிப்பைத்தான் வாசித்தார்கள். விலை குறைவு, வகை அதிகம், அட்டை வடிவமைப்பையும் மொழிபெயர்ப்பையும் வைத்துக் காலத்தைப் பிரிக்கலாம். 2011இல் மொழிபெயர்ப்பே புதிதாக மாறியது. திராட்சை ரசக் கறை படிந்த பிரதியை அழுக்கு என்று ஒதுக்காதீர்கள். விருந்து மேசையில் புழங்கியதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி வேண்டியதில்லை.

பொடி எழுத்தை வாசிப்பது

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்கு வரும்போது பரிசுக்குப் பதில் விலைக்கழிவு முன்னுக்கு வருகிறது. '10 சென்ட் தள்ளுபடி' என்று கோட்டுக்கட்டத்துக்குள் அச்சிட்ட செய்தித்தாள் கூப்பன்கள் இவை. இவற்றில் பல காலாவதித் தேதியே இல்லாதவை. பக்கத்தின் தேதி வெட்டப்பட்டுவிட்டால் எந்த ஆண்டு என்று கண்டுபிடிப்பது உங்கள் வேலை. அது இந்தப் பொழுதுபோக்கின் மிகச் சுவையான பகுதி என்பேன்.

முதலில் துண்டைத் திருப்புங்கள். பின்பக்கத்தில் பாதி அறுந்த திரைப்பட விளம்பரமோ பேஸ்பால் முடிவோ வானிலைக் குறிப்போ இருக்கும். கூப்பனைவிட அதுதான் தேதியைச் சொல்லும். பின்பக்கச் செய்தியில் ஊர்ப்பெயரோ ஆள்பெயரோ கிடைத்தால், அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் 'க்ரோனிக்லிங் அமெரிக்கா' தொகுப்பில் இலவசமாகத் தேடலாம். 1963 வரையான பல மாநிலத் தாள்கள் சொல்வாரியாகத் தேடக்கூடிய வடிவில் அங்கே உண்டு. அச்செழுத்தை இயந்திரம் தப்பாக வாசித்திருக்கும் என்பதால் நீண்ட வாக்கியமாகத் தேடாமல் இரண்டு அரிய சொற்களைச் சேர்த்துத் தேடுங்கள்.

அடுத்து முகவரி. ஊர்ப்பெயருக்குப் பின் ஓரிரு இலக்கத்தில் அஞ்சல் மண்டல எண் இருந்தால் 1943க்குப் பிந்தையது. ஐந்து இலக்க ஜிப் எண் இருந்தால் 1963 ஜூலைக்குப் பிந்தையது. கடைக்காரர் சேர்த்த கூப்பன்களை எண்ணிக் காசு தரும் வேலையை நீல்சன் நிறுவனம் 1957இல் தனித் தொழிலாக எடுத்துக்கொண்டது. அயோவா மாநிலத்தின் கிளிண்டன் என்ற சிற்றூர் கூப்பன் முகவரியாகப் பிரபலமானது அப்படித்தான். மேக்ஸ்வெல் ஹவுஸ், சாங்கா, யூபான் போன்ற ஜெனரல் ஃபுட்ஸ் காபிகளின் கூப்பன்களில் இல்லினாய் மாநிலத்தின் கன்ககீ வரும். பட்டைக்குறி இருந்தால் 1974க்குமேல்தான். அந்த ஆண்டு ஜூன் 26 அன்றுதான் ஓஹியோவின் ட்ராய் நகரில் முதல் பொருள் பட்டைக்குறியால் ஸ்கேன் செய்யப்பட்டது. கூப்பன்களுக்கு அது இன்னும் தாமதமாகவே வந்தது.

உரிமையாளர் பெயரும் நல்ல கடிகாரம். மேக்ஸ்வெல் ஹவுஸ் கூப்பனில் சீக் நீல் என்றிருந்தால் 1928க்கு முந்தையது, ஜெனரல் ஃபுட்ஸ் என்றால் 1929 முதல். சேஸ் அண்ட் சான்பார்ன் 1929இல் ஸ்டாண்டர்ட் பிராண்ட்ஸுக்குள் போனது. ஃபோல்ஜர்ஸை ப்ராக்டர் அண்ட் கேம்பிள் 1963இல் வாங்கியது. இப்படி ஒரு சிறு அட்டவணையை நீங்களே எழுதி வைத்துக்கொண்டால் பாதிச் சீட்டுகளுக்கு நிமிடத்தில் விடை கிடைக்கும்.

விலையையும் பாருங்கள். 1953இல் பிரேசிலில் உறைபனி கொட்டிய பிறகு 1954இல் அமெரிக்காவில் ஒரு பவுண்டு காபி ஒரு டாலரைத் தாண்டியது. 1975 ஜூலையில் பரானா மாநிலத் தோட்டங்கள் உறைபனியில் கருகின. அதன் விளைவாக 1977இல் விலை மீண்டும் எகிறியது. தள்ளுபடித் தொகை திடீரென்று பெரிதாகத் தெரிந்தால் இந்தக் காலங்களைச் சந்தேகியுங்கள்.

'காசு மதிப்பு ஒரு சென்ட்டில் இருபதில் ஒரு பங்கு' என்ற வரி பலரைக் குழப்புகிறது. சில மாநிலங்களின் சட்டங்கள் இத்தகைய சீட்டுகளையும் கடைகள் வாங்குபவருக்குக் கொடுத்த வணிக முத்திரைகளோடு சேர்த்துப் பார்த்து, அவற்றுக்கு ஒரு காசு மதிப்பு குறிக்கப்பட வேண்டும் என்றன. அதை நிறைவேற்ற மிகச் சிறிய தொகை போடப்பட்டது. சேகரிப்பு மதிப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை.

முதல் கூப்பன் எது என்ற கேள்விக்கு விற்பவர்கள் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளாதீர்கள். காபிக்கு மாற்றாகப் போஸ்டம் என்ற பானத்தை விற்று, காபியையே விளம்பரங்களில் தாக்கியவர் சி. டபிள்யூ. போஸ்ட். அவர் 1895இல் 'கிரேப் நட்ஸ்' உணவுக்கு ஒரு சென்ட் கூப்பன் கொடுத்தார் என்று பல இடங்களில் வாசிப்பீர்கள். கிரேப் நட்ஸ் சந்தைக்கு வந்ததே 1897இல். இந்த ஓர் எடுத்துக்காட்டு போதும், கேள்விப்பட்ட ஆண்டையெல்லாம் சோதிக்க வேண்டும் என்பதற்கு.

இன்னொரு குழப்பம் போர்க்கால ரேஷன் சீட்டு. 1942 நவம்பர் 29 முதல் 1943 ஜூலை வரை அமெரிக்காவில் காபிக்குப் பங்கீடு இருந்தது. 15 வயதுக்கு மேற்பட்டவருக்கு ஐந்து வாரத்துக்கு ஒரு பவுண்டு. முதல் ரேஷன் புத்தகத்தின் 27ஆம் எண் சீட்டு முதலில் காபிக்கென்று அறிவிக்கப்பட்டது. சீட்டில் 'காபி' என்ற சொல் அச்சாகியிருக்காது. எனவே எண்ணைத் தெரிந்துகொள்ளாமல் 'காபி கூப்பன்' என்று விற்பதை வாங்காதீர்கள். இது விற்பனைச் சீட்டும் அல்ல, கட்டுப்பாட்டுச் சீட்டு. ஆனால் தொகுப்பில் ஒன்று இருக்கட்டும். காபியை வாங்குங்கள் என்று கெஞ்சிய தாள்களுக்கு நடுவே, குறைவாகக் குடியுங்கள் என்று சொன்ன காலத்தின் தாள் அது.

போலியும் மறுபதிப்பும்

செய்தித்தாள் கூப்பனைப் போலியாகச் செய்வதில் பெரிய லாபமில்லை. வண்ண அட்டைகளில் மறுபதிப்பு உண்டு. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பழைய கல்லச்சு வண்ணத்தில் புள்ளிகள் ஒழுங்கின்றிச் சிதறியிருக்கும், நிறங்கள் தனித்தனியாகப் படிந்திருக்கும். நவீன அச்சில் நான்கு நிறப் புள்ளிகள் வரிசை தப்பாமல் வட்டவட்டமாகக் கூடியிருக்கும். புற ஊதா விளக்கும் உதவும். காகிதத்துக்கு வெண்மை கூட்டும் ரசாயனம் 1950ஐ ஒட்டித்தான் பரவலானது. 1889ஆம் ஆண்டு அட்டை என்று சொல்லப்படுவது இருட்டில் நீலமாக ஒளிர்ந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வெட்டப்பட்ட விளம்பரங்களை ஒவ்வொன்றாக அட்டையில் பொதிந்து விற்பவர்களிடம் வாங்க நான் ஊக்குவிக்கமாட்டேன். பல நூலகங்கள் மைக்ரோஃபிலிம் எடுத்த பிறகு பைண்டு செய்த செய்தித்தாள் தொகுதிகளைத் தள்ளிவிட்டன. வியாபாரிகள் அவற்றைப் பிரித்துத் துண்டு துண்டாக விற்றார்கள். மைக்ரோஃபிலிமில் நிறமே இல்லை. ஞாயிறு இணைப்புகளின் வண்ண விளம்பரங்கள் அதில் சாம்பலாகத்தான் தெரியும். 1999இல் பிரிட்டிஷ் நூலகம் தன்னிடமிருந்த அமெரிக்கத் தாள்களை விற்க முனைந்தபோது எழுத்தாளர் நிக்கல்சன் பேக்கர் பலவற்றை வாங்கிக் காத்தார். அவை இப்போது டியூக் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. எல்லோராலும் அது முடியாது. ஆனால் முழு இதழ் கிடைக்கும்போது துண்டை வாங்காமல் இருப்பது நம்மால் முடியும்.

நம் ஊர் வெயிலிலும் ஈரத்திலும்

மரக்கூழிலிருந்து செய்த செய்தித்தாளில் அமிலம் இருக்கிறது. வெளிச்சம் பட்டால் பழுக்கும், ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும், உலர்ந்தால் நொறுங்கும். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ வைத்திருப்பவருக்கு ஈரம்தான் முதல் எதிரி. அமிலமற்ற தாளும் பாலியெஸ்டர் உறையும் வாங்குங்கள். பிவிசி உறை வேண்டாம், அது வாயு விட்டுத் தாளைக் கெடுக்கும். செலோடேப் ஒட்டவே கூடாது. லேமினேஷன் செய்வது சீட்டை நிரந்தரமாகக் கெடுப்பதற்குச் சமம், பிறகு பிரிக்க வழியில்லை. பேப்பருக்கு நேராகப் பாச்சை உருண்டையைப் போடாதீர்கள். இராமபாணப் பூச்சி வராமல் இருக்க பெட்டியைத் தரையிலிருந்து உயர்த்தி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். சிலிக்கா ஜெல் பையைப் பெட்டி ஓரத்தில் வைத்து, நிறம் மாறும்போது மாற்றுங்கள். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள்.

மடித்துவைத்த முழுப் பக்கத்தை அவசரமாக விரித்தால் மடிப்பிலேயே உடையும். நல்ல வெளிச்சத்தில், மேசைமேல் தட்டையாக வைத்து, இரண்டு கைகளாலும் மெல்ல விரியுங்கள். ஓட்டையுள்ள பக்கமாக இருந்தால் அடியில் வெள்ளை அமிலமற்ற தாளை வைத்துப் படம் எடுங்கள். அப்போதுதான் வெட்டின் ஓரம், கத்தரிக்கோல் வளைந்துபோன இடம் எல்லாம் தெளிவாகத் தெரியும். அதே இதழின் வெட்டப்படாத பிரதியை இணையத் தொகுப்பில் தேடி எடுத்து, வெட்டிய பகுதியில் என்ன இருந்தது என்பதை அச்செடுத்து, அந்தப் பக்கத்தோடு சேர்த்து வையுங்கள்.

குறிப்பைச் சீட்டின்மேல் எழுதாமல் உறைக்குள் வைக்கும் தனித்தாளில் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பத்திரிகையின் பெயர், ஊர், தேதி, பக்க எண், எந்தக் காபி, என்ன கேட்டார்கள், என்ன கொடுத்தார்கள், பின்பக்கத்தில் என்ன இருக்கிறது, யாரிடம் வாங்கினீர்கள் என்பவை வேண்டும். தேதியை நீங்கள் ஊகித்திருந்தால், எதை வைத்து ஊகித்தீர்கள் என்பதையும் அதே தாளில் எழுதிவிடுங்கள்.